ஒரே ரவுட்டர், இரண்டு வீடு: எந்த வைஃபை அமைப்பு எங்கே பொருந்தும்?

போன தீபாவளித் தள்ளுபடியில் ஒரே மாடல் ரவுட்டரில் இரண்டு வாங்கினேன். ஒன்று வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு. மற்றொன்று கோவில்பட்டிக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு. இரண்டிலும் பெட்டியைப் பிரித்து, மாட்டி, திரையில் கேட்டதற்கெல்லாம் 'நெக்ஸ்ட்' அழுத்திவிட்டு வந்தேன்.

பத்து நாளில் இரண்டு இடத்திலிருந்தும் புகார் வந்தது. ஃபிளாட்டில் காலையெல்லாம் பறக்கும் நெட், மாலை ஏழு மணிக்கு மேல் தவழும். ஊரிலோ ஹாலில் உட்கார்ந்தால் அருமை, அடுப்படிக்குப் போனால் அம்மாவின் வீடியோ கால் உறைந்துவிடும். "ஏலே, பழைய டப்பாவே தேவலையே" என்றார் அப்பா.

ரவுட்டர் ஒன்றே. நோய்தான் வேறு வேறு. ஃபிளாட்டுக்கு நெரிசல், ஊர் வீட்டுக்குச் சுவர். அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் இந்த இரண்டு வீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் வீடு இரண்டில் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடலாம். என் பெட்டியில் ஏஎக்ஸ்1500 என்று இருக்கிறது. ரவுட்டர் பேசுவது இரண்டு அலைவரிசைப் பகுதிகளில், அதாவது பேண்டுகளில்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 1201, இரண்டையும் கூட்டி முழுமையாக்கினால் 1500. எந்த ஒரு போனும் இரண்டையும் சேர்த்துக் குடிக்காது. அந்த 300கூட 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது ஏட்டில் வரும் கணக்கு. கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. ஃபிளாட்டில் எங்கள் பிளான் 200 எம்பிபிஎஸ், ஊரில் 40. கீழே வரும் முடிவுகள் பலவும் இந்த இரண்டு எண்களில் வந்து நிற்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. நெட் இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியிலும் ஒரு வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். புது ரவுட்டர் வந்த பிறகு அதை அணைக்க வேண்டும். ஃபிளாட்டில் போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, மாலை ஏழு மணிக்குச் சுற்றியுள்ள நெட்வொர்க்குகளை எண்ணினேன். 31 வந்தது. அதில் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கத்திய அந்நியன் யார் என்று தேடினால், எங்கள் வீட்டு டிவி அலமாரிக்குப் பின்னால் கிடந்த எங்கள் பழைய பெட்டிதான்.

ஒரு பெயரா, இரண்டு பெயரா

ரவுட்டர் முதலில் கேட்கும் பெரிய கேள்வி இது. 2.4, 5 இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர்வது என்பதைக் கருவிகளிடமே விட்டுவிடலாம். 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று பல ரவுட்டர்களில் இருப்பது இதுதான். அல்லது தனித்தனிப் பெயர் வைத்து நாமே பிரிக்கலாம்.

இரண்டு பேண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததே. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம். சுவர் என்றால் அதற்கு ஆகாது. 2.4 மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். நம் ஊர்க் கட்டடங்களில் இந்த 'ஆகாது' என்பதற்கு எடை அதிகம். மரச்சட்டத்தில் அட்டை அடித்துத் தடுத்த வீடுகளுக்கு எழுதிய ஆலோசனையை இணையத்தில் படித்துவிட்டு ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் முட்டிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஃபிளாட்டில் உள் சுவர்கள் நாலரை இஞ்ச். ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 48 டிபிஎம், சமையலறையில் மைனஸ் 69. மைனஸுக்குப் பிறகு வரும் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மோசம்; 67 வரை வீடியோ காலுக்கு நிம்மதி, 80-ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு. ஊர் வீடு தாத்தா கட்டியது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இரண்டு தடிச் சுவர், அதில் ஒன்றை ஒட்டி இரும்பு பீரோ. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 84.

ஒரே பெயர் வைத்தால் என்ன நடக்கிறது என்று ஊரில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். எந்த பேண்டில் ஒட்டுவது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது போன்தான். ரவுட்டர் லேசாகத் தள்ளிவிட முடியும், அவ்வளவே. அம்மா ஹாலில் இருக்கும்போது போன் 5-இல் சேர்கிறது. பேசிக்கொண்டே அடுப்படிக்கு நடக்கிறார். போன் அந்த 5-ஐ விடுவதில்லை. மைனஸ் 84-இல் தொங்கிக்கொண்டு, குரல் வெட்டி வெட்டி, கடைசியில் அறுந்த பிறகே 2.4-க்கு மாறுகிறது. மாறிய சற்று நேரத்தில் ஹாலுக்கு வந்தால் ரவுட்டர் மறுபடியும் 5-க்குத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு அம்மா எத்தனை முறை அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே ஊரில் பெயரைப் பிரித்தேன். அம்மாவின் போன், அப்பாவின் போன் இரண்டுக்கும் 2.4 மட்டும், 5-இன் பாஸ்வேர்டே அவற்றில் கிடையாது. ஹாலை விட்டு நகராத டிவிக்கு 5 மட்டும். பிளானே 40 எம்பிபிஎஸ் என்பதால் 2.4-இல் இருப்பவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அந்த 40-ஐ 2.4 சாதாரணமாகவே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

ஃபிளாட்டில் நேர் எதிர். அங்கே ஒரே பெயர்தான் சரி. வீடு சிறியது, எந்த மூலையிலும் 5 எட்டுகிறது, எல்லார் கருவியும் ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கியவை, 200 எம்பிபிஎஸ் பிளானை 2.4-இல் வைத்து வீணாக்க மனமில்லை. பிரித்து வைத்திருந்தபோது என் மனைவியின் லேப்டாப் ஏதோ ஒரு நாள் 2.4-இல் சேர்ந்து, அதிலேயே மூன்று வாரம் இருந்தது. இரண்டு பெயர் வைத்தால் இப்படிக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

ஒரே பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்ப், விலை குறைந்த கேமரா முதலியவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. முதல் முறை சேர்க்கும்போது போன் 5-இல் இருந்தால் சில செயலிகள் 'கருவி கிடைக்கவில்லை' என்று சாதிக்கும். கீஸருக்கு வாங்கிய பிளக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் மல்லுக்கட்டினேன். முடிவில் கண்டுபிடித்த வழி எளிது: கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் திறந்து, இந்த மாதிரிச் சில்லறைக் கருவிகளை அதில் குடிவைத்துவிடுவது. கெஸ்டில் இருப்பவை மற்றக் கருவிகளை எட்டிப் பார்க்க முடியாது என்பது கூடுதல் லாபம். யார் எழுதியதென்றே தெரியாத மென்பொருளோடு வரும் கேமராவும் என் அலுவலக லேப்டாப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டாம். பிரிண்டரை மட்டும் கெஸ்டில் போடாதீர்கள், யாராலும் பிரிண்ட் எடுக்க முடியாது.

சேனல்: 1, 6, 11

ஃபிளாட்டின் நோய் இங்கேதான் இருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் இந்தியாவில் 13 சேனல். பதின்மூன்று என்றதும் பதின்மூன்று தனி அறை என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு வைஃபை பரவும் அகலம் ஏறக்குறைய 20. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. என் ஸ்கேனில் 31 நெட்வொர்க்கில் பெரும்பகுதி இந்த மூன்றில் குவிந்திருந்தது. சேனல் 3, சேனல் 8, சேனல் 9 ஆகியவை காலியாகத் தெரிந்தன. காலி இடம் பார்த்து உட்காருவதுதானே இயல்பு? நானும் முதலில் 3-இல் போய் உட்கார்ந்தேன். நிலைமை மோசமானது.

காரணம் இது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். எனவே ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும், முறை வைத்துக்கொள்ளும். பாதி மட்டும் மேலே ஏறி நிற்கும் சேனலில் இருப்பவன் பேச்சு புரியாது. அது வெறும் இரைச்சல். ஆடி மாதம் ஒரே கோயிலில் ஒரே மைக்கில் ஐந்து பேர் பேச வேண்டுமென்றால் வரிசையில் நின்று பேசிவிடலாம். அடுத்த தெருக் கோயிலிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் இரண்டு தெருவிலும் யாருக்கும் எதுவும் விளங்காது. சேனல் 3-இல் உட்கார்ந்தவன் 1-இல் இருப்பவர்களுக்கும் 6-இல் இருப்பவர்களுக்கும் சேர்த்து அந்த அடுத்த தெரு ஸ்பீக்கர் ஆகிறான். அவர்களும் அவனுக்கு அப்படியே.

ஆகவே மூன்றில் ஒன்று. எதில் ஆட்கள் குறைவு என்று பார்ப்பதைவிட, எதில் சத்தமானவர்கள் குறைவு என்று பார்க்க வேண்டும். மைனஸ் 88-இல் முனகும் பத்துப் பேரைவிடச் சுவருக்கு அந்தப் பக்கம் மைனஸ் 55-இல் இருக்கும் ஒருவர் அதிகத் தொல்லை. எனக்கு 11 அமைந்தது. 13-ஐயும் சிலர் பரிந்துரைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன் வீட்டில் இருந்தால் வேண்டாம். அமெரிக்காவுக்குச் செய்த கருவிகளில் சில 11-க்கு மேல் பார்ப்பதே இல்லை.

'ஆட்டோ' என்று விட்டுவிட்டால் ரவுட்டரே தேர்ந்துகொள்ளாதா? பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும்தான் சுற்றிப் பார்க்கின்றன. கரண்ட் போய் வரும்போது கட்டடத்தில் உள்ள அத்தனை ரவுட்டரும் ஒரே நொடியில் கண் விழிக்கின்றன. இன்னும் யாரும் பேசத் தொடங்காத நேரத்தில் எல்லாரும் சுற்றிப் பார்த்து, 'அடடா, காலியாக இருக்கிறதே' என்று ஒரே இடத்தில் உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஃபிளாட்டில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை தாங்களே பார்த்து மாற்றலாம். ஊரில் ஆட்டோவே போதும். அங்கே ஸ்கேன் செய்தபோது கிடைத்தவை இரண்டே இரண்டு நெட்வொர்க்: எங்களது, எதிர்ப்புறப் பெட்டிக்கடையுடையது.

சேனலின் அகலம் அடுத்த கேள்வி. 2.4-இல் 20 அல்லது 40. ஃபிளாட்டில் 40 வைப்பது, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு இடத்தை மறித்துக்கொண்டு உட்காருவதற்குச் சமம். பிறருக்கும் தொல்லை, நமக்கும் இரண்டு மடங்கு இடி. 20 வைத்த அன்றிலிருந்து மாலை நேரத் தவழல் பெரிதும் குறைந்தது. ஊரில் பக்கத்தில் யாரும் இல்லையே, 40 வைக்கலாமே என்று நானும் நினைத்தேன். வைத்தும் பார்த்தேன். அகலம் இரட்டித்தால் அதே சக்தி இரண்டு மடங்கு இடத்தில் பரவும், சேர்ந்து வரும் இரைச்சலும் இரட்டிக்கும். கிணற்றடி வரை எட்டிய சிக்னல் அடுப்படியோடு நின்றுவிட்டது. பிளான் 40 எம்பிபிஎஸ் என்கிறபோது அகலத்தால் கிடைக்கப்போவதும் ஒன்றுமில்லை. எனவே இரண்டு வீட்டிலும் 20. காரணம் மட்டும் வேறு.

5 கிகாஹெர்ட்ஸில் 20, 40, 80 என்று என் பெட்டியில் இருக்கிறது. விலை கூடியவற்றில் 160 உண்டு. 80-தான் முன்கூட்டியே வைத்து வருகிறது. அதை அப்படியே விட்டாலும் பெரிய பாவம் இல்லை, ஏனென்றால் 5 சுவர் தாண்டாது என்பது இங்கே நமக்குச் சாதகம்: பக்கத்து வீட்டுக்காரரின் 5-உம் நம்மிடம் பலமாக வராது. ஆனாலும் ஃபிளாட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ரவுட்டரின் தலைமுறையான வைஃபை 6-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இரண்டு ஆன்டெனாக் கருவியின் ஏட்டு வேகம் 574 எம்பிபிஎஸ். பாதி என்று வைத்தாலும் 280-க்கு மேல். பிளான் 200. அப்புறம் 80 எதற்கு? 40 வைத்தபின் ஹாலில் வேகச் சோதனையில் எந்த மாற்றமும் இல்லை, படுக்கையறை மூலையில் இணைப்பு முன்பைவிட உறுதி. 500, 1000 என்று பிளான் போட்டிருப்பவர்கள், வீட்டுக்குள்ளேயே கணினிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் பெரிய கோப்புகளை மாற்றுகிறவர்கள் 80-இலேயே இருக்கட்டும்.

ரேடாருக்கு வழிவிடும் சேனல்கள்

5-இல் எந்தச் சேனல் என்பதில் ஒரு சூதாட்டம் உண்டு. 36 முதல் 48 வரை, 149 முதல் 165 வரை எல்லாரும் உட்காரும் இடங்கள். நடுவில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் காலியாகக் கிடக்கும். 2018-இல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட பிறகு இந்தியாவில் இவற்றையும் பயன்படுத்தலாம். காலியாகக் கிடக்கக் காரணம், இவை ரேடார்களும் பயன்படுத்தும் அலைவரிசைகள். டிஎஃப்எஸ் என்ற விதிப்படி ரவுட்டர் அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு எப்போது ரேடார் போல ஏதாவது கேட்டாலும் உடனே இடத்தைக் காலி செய்து, அரை மணி நேரம் அந்தச் சேனல் பக்கம் வரக் கூடாது. மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் இந்தச் சேனல்களே இருக்காது.

என்னுடையதில் 52 இருந்தது. இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். வேகம் சொர்க்கம். ஆனால் இரண்டு முறை, அதுவும் அலுவலக மீட்டிங் நடுவில், 5 கிகாஹெர்ட்ஸ் அப்படியே மறைந்து மீண்டும் வந்தது. ரவுட்டரின் பதிவேட்டில் 'ரேடார்' என்று ஒரு வரி. டிவியில் செருகிய ஸ்டிக்கோ அந்தச் சேனலில் இருந்த நெட்வொர்க்கைப் பார்க்கவே இல்லை. பழைய கருவிகள் பலவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. இரவில் படம் பார்ப்பவர் மட்டுமே இருக்கும் வீட்டில் இந்த ஒரு நிமிட இழப்பு பொருட்டில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வீட்டில் வேண்டாம். 157-க்கு வந்துவிட்டேன். ஊரில் 36, யோசிக்கவே இல்லை.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்த 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தன. என் பெட்டியில் அந்த பேண்ட் கிடையாது. தடிச்சுவர் வீட்டில் 5-க்கே இந்தப் பாடு என்றால் 6 இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். நெரிசலான ஃபிளாட்டுக்குத்தான் அது அழகு.

பூட்டு

வைஃபைக்குப் பாஸ்வேர்டுப் பூட்டுப் போடும் முறைகளின் பட்டியலில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, இவற்றின் கலவைகள் என்று நீளும். முதல் இரண்டையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். டபிள்யூஇபி 2001-லேயே உடைந்தது. டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை எங்கே கண்டாலும் ஒதுக்குங்கள். பாதுகாப்புக் குறைவு என்பதோடு வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ஸில் கட்டிப்போட்டுவிடும். போட்டி டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (ஏஇஎஸ் என்பது டிகேஐபிக்குப் பதிலான வலுவான குறியாக்கம்), டபிள்யூபிஏ3, இரண்டும் கலந்தது ஆகிய மூன்றுக்கும்தான்.

2018-இல் வந்த டபிள்யூபிஏ3-இன் பெரிய நன்மை என்ன என்று கேட்டால், ஊர் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இணைப்புக் கொடுக்க வந்த டெக்னீஷியன் அப்பாவின் செல்போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அதுதானே வழக்கம்! பத்து இலக்கம், பார்க்கப் பெரிதாகத் தெரியும். இந்தியச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குவதால் மொத்தச் சாத்தியம் 400 கோடி. டபிள்யூபிஏ2-இல் ஒரு போன் இணையும் கணத்தில் காற்றில் போகும் செய்தியை ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, நம் ரவுட்டரைத் தொடாமலேயே, எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் போடும். 400 கோடிக்கு 4000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். டபிள்யூபிஏ3-இல் இந்த வீட்டுப்பாடம் முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரின் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் டபிள்யூபிஏ3 தானே? ஃபிளாட்டில் ஆம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 முதல் போன்களில் அந்த வசதி இருக்கிறது, 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும் இருக்கிறது. பிரதான நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தேன். அதை அறியாத பிளக்கும் கேமராவும் ஏற்கெனவே கெஸ்டில், டபிள்யூபிஏ2-இல் இருக்கின்றன. பிரிண்டர் ஒன்று அடம்பிடித்தது, கேபிளில் போட்டுவிட்டேன்.

ஊரில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். இதைச் சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 9. கலவை முறை வைக்கலாம். ஆனால் அதில் பழைய போன் டபிள்யூபிஏ2 வழியாகவே இணையும், அதே பாஸ்வேர்டுதான் அங்கும் காற்றில் பிடிபடும். ஆக, பாஸ்வேர்டு நன்றாக இல்லாவிட்டால் கலவையால் வரும் பாதுகாப்பு பேருக்குத்தான். மேலும் கலவை முறையில் சில டிவிகள் திடீரென்று இணைய மறுக்கும். அது மறுத்தால் சரிசெய்ய நான் ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டும். எட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு, புதியதைவிட உடையாததே எனக்கு முக்கியம். பதிலுக்குப் பாஸ்வேர்டை நீளமாக்கினேன்: ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். முறம், பூசணி, ரயில், கடுகு என்பதுபோல. (இது அது அல்ல.) 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. போனில் சொன்னால் அம்மாவுக்குப் புரியும், யாராவது விருந்தாளி கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனாலோ எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை இரண்டு வீட்டிலும் அணைத்துவிட்டேன். அதன் எட்டு இலக்க எண் பத்துக் கோடி சாத்தியம் போலத் தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதி ஏழையும் நான்கு, மூன்று என்று தனித்தனியாகச் சோதிக்கிறது. எனவே 10,000-உம் 1,000-உம் சேர்ந்து 11,000 முயற்சிதான். 2011 இறுதியிலேயே இது வெளியே வந்துவிட்டது. நெட்வொர்க் பெயரை மறைப்பதும், கருவிகளின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, பட்டியலிட்டு அனுமதிப்பதும் பூட்டு அல்ல. மறைத்தால் உங்கள் போன் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு தேடும். பட்டியல் போட்டால், இன்றைய போன்கள் பொய் முகவரி காட்டுவதால் வீட்டுக்காரர்தான் வெளியே நிற்பார்.

ஒலிபரப்புச் சக்தி என்று குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று இருக்கும். ஊரில் அதிகம். ஃபிளாட்டில் நடுத்தரம், அதிகம் வைத்தால் நம் சத்தம் மாடிப்படி வரை கேட்கும், போனின் சின்னக் குரல் ரவுட்டருக்குத் திரும்பக் கேட்காது, போனோ முழு சிக்னல் காட்டிக்கொண்டு நெட் இல்லாமல் நிற்கும். பீக்கன் இடைவெளி, டிடிஐஎம் முதலிய வரிகளைத் தொடாதீர்கள். நாட்டின் பெயரில் இந்தியா இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாகப் பாஸ்வேர்டை வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக வையுங்கள்.

பெயர்

எல்லாம் முடிந்து ஊரில் கடைசியாக வந்தது நெட்வொர்க் பெயர். தமிழில் வைக்கலாமா என்று கேட்டார் அப்பா. தாராளமாக. இன்றைய போன்கள் சரியாகவே காட்டும். பழைய டிவிகள் சில குப்பை எழுத்தாகக் காட்டும், இணைப்பு அதனால் கெடாது. ஆனால் பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழிலோ உயிரெழுத்து, அகரமேறிய மெய், புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'எங்கள் வீடு' என்பது நடுவில் உள்ள இடைவெளியோடு 31. மயிரிழையில் தப்பும்.

அப்பாவுக்கு 'முருகன் துணை' வேண்டும். கழுகுமலை பக்கத்தில் இருக்கிறவர் வேறென்ன கேட்பார். 34 வந்தது. இடைவெளியை எடுத்துவிட்டுச் சேர்த்து எழுதினேன். 33. ஒரே ஒரு பைட் அதிகம், ரவுட்டர் ஏற்க மறுத்துவிட்டது. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா, "கந்தன்னு போடேன், அவனும் அவன்தானே" என்றார். 'கந்தன் துணை', 31. ஏற்றுக்கொண்டது. எதிர்ப்புறப் பெட்டிக்கடைக்காரர் மறுநாள் வந்து தன் வைஃபைக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கேட்க, அப்பா அவருக்குப் பைட் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.